ஏழாவது வரைவு

நாகப்பட்டினத்தில் ஒரு முனை,
சம்பூரில் மறுமுனை,
நடுவே கடலுக்கடியில் ஒரு மின்வடம்.
பதினாறு வருடமாய் அது
என் மேசையில் மட்டும் ஓடுகிறது.

திருகோணமலைக் கச்சேரியில் நான் மொழிபெயர்ப்பாளன்.
சிங்களம் கொழும்பிலிருந்து வரும்,
ஆங்கிலம் டில்லியிலிருந்து வரும்,
தமிழ் கடைசியில், வெள்ளி பின்னேரம், என் கையால்.
'ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்'
அதையும் நல்ல தமிழில் நானேதான் எழுதுகிறேன்.

முதல் வரைவில் 'குத்தகை' என்றொரு சொல்.
வாசலில் வைத்துக் கொளுத்தினார்கள்.
என் எழுத்துப்பிழை இருந்த பக்கம்
சுருண்டு கறுப்பதை ஜன்னலால் பார்த்தேன்.
கொளுத்தியவர் தொண்டை அடைக்கக் கத்தினார்:
நாட்டை விக்காதே.

இரண்டாவதில் 'கூட்டு முயற்சி'.
வந்த மாதம் அக்கரையில் வாக்கெடுப்பு.
அறுந்த வலைகளும் பிடிபட்ட படகுகளும் அங்கே மேடையேற
வடம் மெல்ல இறங்கிக்கொண்டது.

மூன்றாவது வந்தபோது
எங்களைக் கேட்டீர்களா என்றது மாகாண சபை.
கேட்பதற்கு ஒரு கடிதம் தயாரித்தோம்.
அனுப்புவதற்குள் சபையே கலைந்துவிட்டது.

நான்காவதை நான் கண்டதில்லை.
இலக்கம் மட்டும் உண்டு.

ஐந்தாவதோடு கடலை அளக்க வந்தாள் தமயந்தி,
நாகூர்ப்பக்கத்துப் பெண்.
மேசையில் இருவரும் ஆங்கிலத்தில் பேசினோம்:
நடுவில் விஜேமான்ன சேர், பக்கத்தில் பதிவேடு.
பிளேன்டீக்கு எழும்பும்போது மின்விசிறி தளர்ந்தது.
"கரண்ட் போயிடுச்சு" என்றாள்.
"கரண்ட் நிண்டிட்டுது" என்றேன்.
ஒருவர் தமிழை ஒருவர் சிரித்தோம்.
எட்டு வருசத்துக்கு முன்னாடி அளந்த அதே ஆழம்தான் சார்,
கடல் கட்சி மாறல என்று
பிஸ்கட்டைத் தோய்த்தாள்.
அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

அன்றிரவு கிண்ணியாவிலிருந்து நளீம் எடுத்தான்.
ஐஸ் முழுக்கத் தண்ணி மச்சான்,
ரெண்டு போட்டு மீன் நாறுது,
உன்ர வயர் எப்ப வரும்?

கோயில் தேருக்கு வடம் பிடிப்பவர்கள்
எல்லோரும் ஒரே திசை பார்த்து நிற்பார்கள்.
இந்த வடத்தை இருகரையிலும்
அவரவர் வாக்குப்பெட்டியைப் பார்த்து இழுக்கிறார்கள்.
என்று எழுதிப் பார்த்தேன், அவனுக்கு அனுப்பவில்லை.
பிழை அவ்வளவு லேசில்லை.

ஏனென்றால் ஆறாவது வரைவுக்கு
சம்பூரிலிருந்து இராசலட்சுமி ஒரு கடிதம் போட்டா.
கொப்பித் தாள், கோடு தாண்டாத எழுத்து.
'முந்தியும் மின்சாரத்துக்கு என்றுதான் காணியை எடுத்தார்கள்.
மின்சாரம் வரவில்லை. காணி பாதி வந்தது.
இந்தக் கம்பம் என் வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?'
சிங்களத்தில் பெயர்த்தேன், ஆங்கிலத்திலும்.
நாட்டை விற்காதே என்றவர்களுக்கு
அந்த வேலி நாட்டில் சேர்த்தியா
என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை.

ஏழாவதுக்கு ஹெலியில் வந்திறங்கினார் அமைச்சர்.
அதே தொண்டை.
இப்போது கொஞ்சம் பதமாய்,
விஜேமான்ன சேர் வழியாக என்னைக் கேட்டார்:
'குத்தகைக்குத் தமிழில் வேறு சொல் இருக்கா,
காதில் குத்தாத ஒன்று?'
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
வாசலில் அவர் அன்று எரித்த இடத்தில்
கோட்டைப்பக்கத்து மான் இரண்டு
வரவேற்புப் பதாகையின் பசையை நக்கிக்கொண்டு நின்றன.

நாலு மணிக்கு அக்கரையிலிருந்து தொலைபேசி.
வாக்கு எண்ணி முடியட்டும், கையெழுத்தைத் தள்ளிவைப்போம்.
இங்கேயும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது.

என் கணினியில் 'வரைவு ஏழு இறுதி' என்றொரு கோப்பு.
அதன்கீழ் 'வரைவு ஏழு இறுதி திருத்தம்'.
பக்கத்தில் இராசலட்சுமியின் தாள்.
அவவுக்கான பதில்
இன்னும் எந்த மொழியிலும் வரவில்லை.
பெயர்ப்பதற்கு ஒன்றுமில்லை.
விசிறி மறுபடி நின்றது.
ஜன்னலைத் திறந்தேன்,
உள்துறைமுகத்தில் யாரோ இஞ்சினை இழுத்து இழுத்து
உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள்.